இரண்டாம் அறையும் ஆறாம் அறையும்

ஒரு லினக்ஸ் மெஷினை ஆஃப் செய்து திரும்ப ஆன் செய்ய மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தை நான் மிச்சம் பிடித்தேன். அதனால் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஹட் பேயில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கு. தனியாருடையது. எட்டு அறைகள். ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பக்கத்திலும் உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்க்கும் ஒரு பெட்டி. எட்டுப் பெட்டிகளிலிருந்தும் எட்டு ஒயர்கள் கண்ட்ரோல் ரூமுக்கு வந்து ஒரு கம்ப்யூட்டரின் முதுகில் செருகப்பட்டிருக்கும். திரையில் எட்டு எண்கள். ஏதாவது ஒரு எண் ஏறினால் அலாரம் அடிக்கும். சாதாரண கம்ப்யூட்டரில் அத்தனை சீரியல் போர்ட் கிடையாது என்பதால் அதற்கென்று கார்டு போட வேண்டும். அந்தக் கார்டை அடையாளம் கண்டு பேசத் தெரிந்த டிரைவர் என்கிற புரோகிராமையும் போட வேண்டும். போர்ட் பிளேரில் உட்கார்ந்துகொண்டு தீவு தீவாகப் போய் இந்த மாதிரி வேலை செய்வதுதான் என் பிழைப்பு.

பழைய மெஷினை உப்புக் காற்று தின்றுவிட்டது. புதிதாக ஒன்று வைக்கப் போயிருந்தேன். திரையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு ஆபரேட்டர் இருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சாலில் ரப்பர் வெட்டக் குடியேறிய குடும்பம் அவருடையது. நாற்பது வயதைத் தாண்டியவர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். கிடங்குக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒரே அறையில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இருந்தார். முதல் நாள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அண்ணே, போன வருஷம் ஒரு தடவ மீனு கெட்டுப்போச்சு. கம்ப்ரெஸர் கராப் ஆச்சு, நான் என்ன பண்றது? ஆனா மொதலாளி சொல்லிட்டாரு, இன்னொரு தடவ ஆச்சுன்னா குவார்ட்டர காலி பண்ணிட்டுப் போயிறணும்னு. மூத்தவ பன்னெண்டாவது படிக்கிறா. அவ பரீட்ச முடியிற வரைக்குமாச்சும் இந்த மெஷின் பக்காவா ஓடணும்ணே."

"ஓடும், கவலைப்படாத" என்றேன். அந்த வார்த்தையை நான் ரொம்பச் சுலபமாகச் சொல்லுகிறவன்.

எட்டு போர்ட் கார்டு ஒன்று கேட்டிருந்தேன். சென்னையிலிருந்து கப்பலில் வந்தது நான்கு போர்ட் கார்டு இரண்டு, அதுவும் வேறு வேறு கம்பெனி. ஒன்றுக்கான டிரைவர் லினக்ஸிலேயே இருந்தது. மற்றதற்கு ஒரு சிடி கொடுத்திருந்தார்கள். அதிலிருந்த டிரைவர் அரதப்பழசு. புது மெஷினில் ஓடும்படி அதைக் கம்பைல் செய்தால் பக்கம் பக்கமாகப் பிழை. எந்த வரி எதனால் பிழை என்று தேடிப் பார்க்க நெட் வேண்டும். அங்கே நெட் என்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தால் வருகிற ஒன்று. ஏறினேன், இறங்கினேன், ஒரு பிழையைத் திருத்தினேன், மறுபடி ஏறினேன். கார்டைச் செய்தவனையும் வாங்கியவனையும் இந்தத் தொழிலுக்கு வந்த என்னையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். ஆபரேட்டர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் காலை டிரைவர் ஏறியது. சோதித்துப் பார்ப்பதற்காக லினக்ஸின் சொந்த டிரைவரைக் கழற்றிவிட்டு, நான் திருத்தியதை முதலில் கையால் ஏற்றினேன். பிறகு மற்றதை ஏற்றினேன். எது முதலில் ஏறுகிறதோ அந்தக் கார்டின் நான்கு போர்ட்டுக்கும் முதல் நான்கு எண்கள் கிடைக்கும். அந்த வரிசைப்படியே ஒயர்களைச் செருகினேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, திரையில் எந்த எண் மறைகிறது என்று பார்த்து, லேபிள் ஒட்டினோம். எட்டும் சரியாக இருந்தன. அவர் கைதட்டினார்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. எந்த ஸ்லாட்டில் இருக்கும் கார்டுக்கு எந்த எண் என்று ஒரு சிறிய கோப்பில் எழுதி வைக்க வேண்டும். எட்டு வரி, இல்லாவிட்டால் மெஷின் திரும்ப ஆன் ஆகும்போது எண்கள் மாறிவிடலாம். பிறகு ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்க வேண்டும். அதை எழுத உட்காரும்போதுதான் சாயந்தரக் கப்பல் மதியமே கிளம்புகிறது என்று செய்தி வந்தது. விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தீவுகளில் வேலை முடிவது வேலை முடியும்போது அல்ல, கப்பல் கிளம்பும்போது. எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். கொத்தனார் பூச்சைப் பாதியில் விடுவார், டாக்டர் முகாமைப் பாதியில் விடுவார். அந்த எட்டு வரியைப் போர்ட் பிளேரிலிருந்தே போனில் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்து முயன்றபோது லைன் கிடைக்கவில்லை. நான்கு நாள் முயன்றேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடும்பத்தோடு காரில் வண்டூர் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஆறாம் நம்பர் ஏறிட்டே போகுது. அலாரம் அடிக்குது. உள்ள போயிப் பாத்தேன், ஜில்லுன்னுதான் இருக்கு. மீனு கல்லு மாதிரி கெடக்கு."

"சென்சர் ஒயர் லூசா இருக்கும். இறுக்கிவிடு."

"இறுக்கிட்டேன். பிஜிலி போயி வந்துச்சுண்ணே, அதுக்கப்புறந்தான் இப்பிடி."

மின்சாரம் போய் வந்தது. என் தொழிலில் இருப்பவனுக்கு அந்த ஒரு வரி போதும். மெஷின் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். பின் சீட்டில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆறாம் நம்பர் அலாரத்த அமர்த்திடு. நான் வந்து பாத்துக்கறேன்" என்றேன்.

நடந்தது இதுதான். ஆன் ஆகும்போது லினக்ஸின் சொந்த டிரைவர் முந்திக்கொண்டது. முதல் நான்கு எண்களும் கடைசி நான்கும் இடம் மாறின. இரண்டாம் அறையின் குளிர் திரையில் ஆறாம் அறை என்று தெரிந்தது, ஆறாம் அறையுடையது இரண்டு என்று தெரிந்தது. மின்சாரம் வந்த பிறகும் கம்ப்ரெஸர் ஓடாமல் இரண்டாம் அறையில் குளிர் குறைந்துகொண்டிருக்க, இவர் ஆறாம் அறைக்குள் நின்று மீனைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்பதால் காரணமில்லாமல் மற்ற அறைகளைத் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. செவ்வாய்க்கிழமை கப்பலில் ஏற்ற இரண்டாம் அறையைத் திறந்தபோது சூரை மீனும் வஞ்சிரமும் மொத்தமாகக் கெட்டுப்போயிருந்தன.

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். போய் இரண்டாம் ஒயரைப் பிடுங்கினேன். திரையில் ஆறு மறைந்தது. பிறகு அந்த எட்டு வரியை எழுதினேன். மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்தேன். மூன்று முறையும் எல்லாம் சரியாக வந்தன.

"என்ன ஆச்சு?" என்று முதலாளி கேட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அதட்டிப் பேசுகிறவர் அல்ல.

"கரண்ட் போனதுல லைன் மாறியிருக்கு சார்."

"சரி, மெஷின் மாறும். மனுசன் இருக்காம்லா? அலாரத்த அமத்திப்போட்டு இருந்திருக்கான். யார்ட்டயாவது கேட்டியாலேன்னா ஒண்ணும் பேச மாட்டேங்கான்."

ஆபரேட்டர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் கிடங்கின் வருட ஒப்பந்தம் ஞாபகம் வந்தது, இந்த முதலாளி மற்ற தீவுகளில் சொல்லிவைத்தால் என் கதி என்ன என்பது ஞாபகம் வந்தது. குனிந்து டூல்ஸை எடுத்து வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான்.

மறுநாள் கப்பல் ஏறும் ஜெட்டியில் அவரைப் பார்த்தேன். மூட்டை முடிச்சோடு குடும்பமே உட்கார்ந்திருந்தது. கச்சால் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். ஒளிந்துகொள்ள இடமில்லை. பக்கத்தில் போய், "எனக்குப் போன் பண்ணினத ஏன்யா சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா தப்பிக்கிறதுக்குச் சொல்றேன்னுவாரு. மெஷின் ஆளு வாயால சொன்னாத்தான் நம்புவாருன்னு இருந்தேன். நீங்க வந்து சொல்லுவீங்கன்னுதான் அஞ்சு நாளா குவார்ட்டர காலி பண்ணாம இழுத்துக்கிட்டு இருந்தேன்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டேன். தப்பு என்னுடையது என்றேன். இவர் எனக்குச் சொன்னார், அலாரத்தை அமர்த்தச் சொன்னது நான்தான் என்றேன். காற்றுச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

முதலாளி சொன்னார்: "இத நேத்து எம் முன்னால நின்னப்பச் சொல்லியிருந்தா அவன இருன்னு சொல்லியிருப்பேம்லா. இன்னைக்குக் காலைல அவன் எடத்துக்குத் திக்லிபூர் ஆளு குடும்பத்தோட வந்து எறங்கிட்டான். இனி அவங்கள நான் எங்க அனுப்ப?"

எல்லாருக்கும் கேட்டது. மூத்த பெண் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் எழுந்து மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். மூத்தவளிடம், ஸ்கூல் பையை மட்டும் இதில் போடாதே, கையிலேயே வைத்துக்கொள் என்றார்.