உஷாராணியின் சோபாச் செருப்பு

உஷாராணி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது போனில்தான். என் நாத்தனார் தங்கமணி கூப்பிட்டு, "அண்ணி, நம்ம ரெங்கசாமி மக உஷாராணி கால்ல போர்க்லிப்ட் ஏறிருச்சாம், கிள்ளான் ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க" என்றாள். ரெங்கசாமிக்கு அந்தப் பெயரில் ஒரு மகள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொந்தத்துக்குள் இது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். ரெங்கசாமியும் தங்கமணியும் என் வீட்டுக்காரருக்குச் சின்னம்மா பிள்ளைகள். என் மூத்த மகளுக்குக் காது குத்தியபோது அடித்த பத்திரிகையில் ரெங்கசாமி பெயர் விட்டுப்போனது. அச்சுக்காரர் செய்த தப்பு என்று இவர் நடையாய் நடந்து சொல்லியும் ரெங்கசாமி நம்பவில்லை. காஜாங்கில் பெண் எடுத்து அங்கேயே இருந்துவிட்டார். அவர் பிள்ளைகள் பிறந்தது, படித்தது, கட்டிக்கொண்டது எதற்கும் எங்களுக்கு அழைப்பு இல்லை. தங்கமணி ஒருத்திதான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கும் அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டிலில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், வலது காலில் பெரிய கட்டு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பத்திரிகையில பேர விட்ட பெரியம்மா நீங்கதானா?" என்று கேட்டாள். நான் கட்டிலருகிலேயே நின்றுவிட்டேன். அவளே சிரித்துவிட்டாள். "அப்பா இன்னும் அத விடல பெரியம்மா. உக்காருங்க."

அவள் மேருவில் ஒரு சோபா தொழிற்சாலையில் உறை தைக்கிறவள். சாமான் ஏற்றும் இடத்தைக் கடந்து போகும்போது சாமான் தூக்குகிற அந்த போர்க்லிப்ட் வண்டி பின்னால் வந்து ஏறியிருக்கிறது. விரல்களை எடுத்துவிட்டார்கள். குதிகாலும் நடுப்பாதமும் தப்பின. கட்டுப் பிரித்தபோது வலது பாதம் சின்னப் பிள்ளையின் பாதம்போல இருந்தது, இடது பாதம் பழையபடி.

புண் ஆறியது, வேலைக்கும் திரும்பிவிட்டாள். ஆனால் செருப்புதான் பெரும் பாடாய்ப் போயிற்று. கடையில் ஜோடியாகத்தான் விற்பார்கள். இவள் பெரிதில் ஒரு ஜோடி, சிறிதில் ஒரு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிலடியில் தள்ளுவாள். அவள் புருஷன் ராஜன் லோரி ஓட்டுகிறவர், அடங்கின மனுஷன். கறுப்புச் சப்பாத்து ஒரே ஜோடி வாங்கி, வலது பக்கத்தின் முன்னால் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று சொல்லிப்பார்த்தார். கொஞ்ச காலம் அப்படியும் போட்டாள்.

நம் வீடுகளில் வாசலோடு செருப்பைக் கழற்றிவிட வேண்டுமே. கழற்றும்போது அந்தத் துணி உருண்டு வெளியே வந்துவிடும். எல்லோரும் முதலில் துணியைப் பார்ப்பார்கள், பிறகு காலைப் பார்ப்பார்கள், அப்புறம் ஐயோ பாவம் என்பார்கள். காஜாங்கில் ஒரு புதுமனை விசேஷத்தில் உருண்டோடிய துணியை ஒரு அம்மாள் எடுத்து, ஏதோ கால்துடைக்கிற துணி என்று நினைத்து வாசல்படியைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உஷாராணி அந்தக் கறுப்புச் சப்பாத்தைக் குப்பையில் போட்டாள். ராஜனிடம் சொன்னாளாம்: "மறைக்கிறதுனாலதான் பாவம் பாக்குறாங்க. இனிமே மறைக்க மாட்டேன். பாக்குறவங்க மொதல்ல என் செருப்பப் பாக்கட்டும்."

அரிசிச் சாக்கைக் கட்டிலடியிலிருந்து இழுத்தாள். கிடந்த ஒற்றைச் செருப்புகளை எல்லாம் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது, எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். தொழிற்சாலையில் வெட்டிக் கழித்த சோபாத் தோல், நுரைப் பஞ்சு, பித்தான் எல்லாம் கேட்டு வாங்கிவந்தாள். முதலில் செய்தது மெத்தென்று இருந்ததே ஒழிய நிற்கவிடவில்லை, கால் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. அடுத்தது தையல் விட்டது. அதற்கடுத்தது ராஜன் சோறாக்கிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலேயே வாயைப் பிளந்தது. அவள் விடவில்லை. வேலை முடிந்து வந்தால் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

கடைசியில் ஒரு ஜோடி வந்தது. ஜோடி என்று அதைச் சொல்வதற்கே யோசிக்க வேண்டும். வலது கால் செருப்பு மிளகாய்ச் சிவப்பு, பூசணிக்காய்போல உப்பலாய், நடுவில் சோபாப் பித்தான் வைத்து மடிப்பு மடிப்பாய் இழுத்துத் தைத்தது. இடது கால் செருப்பு கரும்பச்சை, நீளமாய், சோபாவின் கை மாதிரி, ஓரத்தில் மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவில் வாங்கிய சேலைக் கரையை மஞ்சளாய்ச் சுற்றியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் போட்டுக்கொண்டு நடந்தால் அவள் தாங்கித் தாங்கி நடக்கவில்லை.

தீபாவளிக்கு அதைப் போட்டுக்கொண்டு தங்கமணி வீட்டுக்கு வந்தாள். அவள் சித்தி ஒருத்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "என்ன உஷா, வீட்டு சோபாவக் கால்ல மாட்டிக்கிட்டு வந்துட்ட?" என்று கேட்டாள். "ஒக்காருறீங்களா சித்தி?" என்றாள் இவள். அதோடு சித்தி உள்ளே போய்விட்டாள்.

சக்கரை வியாதியில் ஒரு கால் வீங்கிய மீன்காரம்மா ஒருவர் மேரு பாசாரில் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றார். பழைய பேப்பரில் ஒவ்வொரு பாதத்தையும் தனித்தனியே வரைந்து, இரண்டும் இரண்டு விதமாகவே செய்துகொடுத்தாள். கால் நன்றாக இருக்கிற சின்ன வயதுப் பெண்களும் வந்தார்கள். போனில் படம் பார்த்து அந்தக் கோலம் அவர்களுக்குப் பிடித்துப்போனதாம்.

இந்த நேரத்தில் தொழிற்சாலையில் அவளைத் தையலிலிருந்து எடுத்து, நாள் முழுக்க நின்று சாமான் கட்டுகிற வேலைக்குப் போடப்போவதாகச் சொன்னார்கள். அந்தக் கால் அதைத் தாங்காது. செருப்பை வைத்தே பிழைக்க முடியுமா என்பதை அந்த மாதத்துக்குள் பார்த்தாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் புதுமாதிரி உடை, செருப்பு, வீட்டுச் சாமான் செய்கிறவர்களைக் கூட்டி வருஷா வருஷம் ஒரு சந்தை நடத்துகிறார்கள். அங்கே ஒரு மேசை கிடைத்தால் நாலு பேர் கண்ணில் படும். படம் அனுப்பினாள். நடத்துகிற ஷிரீன் என்ற பெண், படம் பத்தாது, போட்டுக்கொண்டு நேரில் வந்து நடந்து காட்டுங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச்சொன்னாள்.

கொஞ்ச நாளைக்கு முன் இறந்துபோன தங்கமணியின் கருமாதியும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர்ந்தது. பிரிந்து கிடந்த எங்களைச் சேர்த்துவைத்தவள் அவள். அதற்குப் போகாமல் இருக்க முடியுமா? உஷாராணி அந்தச் செருப்பையே போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட்டாள், அங்கிருந்து அப்படியே போய்விடலாம் என்று. ராஜன் ஜொகூருக்கு லோரி எடுத்துப் போயிருந்தார். தங்கமணியின் மருமகன் குகன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தான். என் வீடு பிரிக்பீல்ட்ஸ் என்பதால் நானும் அந்தக் காரில்தான்.

குகன் எதையும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை. சாப்பாடு நடக்கும்போது மழை பிடித்தது. வாசலில் கிடந்த செருப்பு எல்லாம் நனைகிறதே என்று அவன் ஓடிப்போய் ஜோடி ஜோடியாக எடுத்துக் கூடாரத்துக்குள் அடுக்கினான். கருமாதி வீட்டு வாசலில் ஒற்றைச் செருப்பு கிடக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். சிவப்பில் ஒன்று கிடந்தது, அதற்கு இணை இல்லை. பச்சையில் ஒன்று கிடந்தது, அதற்கும் இல்லை. உஷாராணியின் செருப்பை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டையும் தூக்கி, எச்சில் இலை, கோப்பை மூட்டைகளில் கைக்கு வந்த இரண்டில் போட்டுவிட்டான். சமையல்காரர் லோரியும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

உஷாராணி வெறுங்காலோடு வாசலில் நின்று தேடினாள். எல்லோரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். குகன் வந்து, "ஜோடி இல்லாம ரெண்டு கெடந்துச்சு, அத நான்தான்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டான். அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "லோரி எங்கண்ணே போகும்?" என்று மட்டும் கேட்டாள்.

லோரி மேருவுக்குப் போயிருந்தது. சமையல்காரர் கொட்டகையில் மூட்டைகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்தோம். வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குகன் சாம்பாரில் கைவிட்டான். உஷாராணி ஒரு பெரிய குண்டானைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அவளும் தேடினாள். சிவப்பு கிடைத்தது, காகிதக் கோப்பைகளுக்கு நடுவில் அழுக்குப் படாமல் இருந்தது. பச்சை கிடைக்கவில்லை. இலை மூட்டைகள் சிலவற்றை மாட்டுக்காரர் ஒருவர் அப்போதுதான் கொண்டுபோயிருந்தார், எந்தப் பக்கம் போனார் என்று சொல்ல ஆளில்லை.

"போன் பண்ணி இன்னொரு நாளு கேளு லா உஷா" என்றான் குகன்.

"இன்னைக்குத்தாண்ணே கடைசி. ஒங்க சிலிப்பரக் கழட்டுங்க."

அவன் கழற்றினான். கொட்டகையில் கிடந்த கிழிந்த கூடாரத் துணியில், நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாய் இருந்ததில், ஒரு துண்டைக் கேட்டு வாங்கினாள். கத்தரியும் ஊசி நூலும் எப்போதும் அவள் பையில் இருக்கும். காரில் ஏறியதும் சிலிப்பரைத் தன் இடது பாத அளவுக்கு வெட்டினாள். பஞ்சுக்கு என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்தவள், குகன் இருக்கையில் இருந்த கழுத்துத் தலையணையை உருவிக் கிழித்தாள்.

"அது ஒங்க அண்ணி வாங்கிக் குடுத்தது" என்றான் குகன்.

"செருப்பத் தூக்கிப் போட்டதையும் அண்ணிகிட்ட சொல்றேண்ணே."

குகன் காரைக் கிளப்பினான். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்வரைக்கும் ரோட்டில் ஒரே நெரிசல். அவள் தலையைத் தூக்காமல் தைத்தாள்.

ஷிரீனின் இடம் ஒரு பழைய கடைவீட்டு மாடியில். உஷாராணி முன்னே ஏறினாள், வலது காலில் சிவப்புப் பூசணி, இடது காலில் நீலவெள்ளைக் கூடாரம். பின்னால் நானும், வெறுங்காலோடு குகனும். ஷிரீன் பார்த்துவிட்டு, "படத்துல பச்சைதானே ஆன்டி?" என்றாள். உஷாராணி நடந்ததை நடந்தபடி சொன்னாள். குகன் தலையைக் குனிந்துகொண்டான். ஷிரீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு செருப்புகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் விற்பதற்கு இரண்டையும் ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் செய்தால் நல்லது, இப்படி வேறு வேறாக இருந்தால் தப்பாக எடுத்துவைத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள் என்றாள். குகன்கூட ஆமாம் என்று தலையாட்டினான்.

"முடியாதும்மா" என்றாள் உஷாராணி.

"மேசை வேணாமா ஆன்டி?"

"வேணும். அதுக்குத்தான் குப்பையில கைய விட்டு வந்திருக்கேன். ஆனா ஒரே மாதிரி செஞ்சா நான் மறுபடி உள்ள துணி வச்சு நடக்கணும். என் ரெண்டு காலும் ஒண்ணு இல்ல. அது தெரியத்தான் செய்வேன்."

ஷிரீன் செருப்புகளைத் திருப்பிக் கொடுத்தாள். ஜன்னல்வரை ஒருமுறை நடந்து வரச் சொன்னாள். இவள் நடந்தாள், போனாள், திரும்பினாள். ஷிரீன் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த நீலம் தைக்க எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டாள்.

"மேருல இருந்து இங்க வர்ற நேரம். ரோட்டுல ஜேம் இல்லன்னா முடிச்சிருக்க மாட்டேன்."

"சரி ஆன்டி. மேசை ஒங்களுக்குத்தான். இப்படியே செய்ங்க."

சந்தைக்கு அவள் கொண்டுபோன செருப்பு ஒன்றும் திரும்பி வரவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே தொழிற்சாலையிலிருந்து நின்றுவிட்டாள். குகனுக்கு ஒரு ஜோடி செய்துகொடுத்தாள். வலது ஒரு நிறம், இடது ஒரு நிறம். அவன் அதைப் போட்டுக்கொண்டு விசேஷங்களுக்கு வருகிறான், வாசலில் கழற்றிவிட்டு அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்கிறான். ரெங்கசாமியும் போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார், மகள் செய்த செருப்போடு. பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார், பேசிவிட்டுச் சாப்பிட்டார்.

உஷாராணி இப்போது மேரு ரோட்டில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு தையல் மிஷின் போட்டுச் செருப்பு செய்கிறாள்.