ஒன்பதாவது வெடிப்பு

"வெள்ளி, மாலை 4.10. வடக்குக் கோல் பக்கம் வெடிப்பு ஒன்பது. ஒன்பதும் அடைத்தாயிற்று."

கல்லூரி மைதானக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் வரி இது. புரட்டாசி மாதம். மறுநாள் எங்கள் தரையில் கால்பந்துப் போட்டி.

கோவில்பட்டிக்காரர்களுக்கு விளையாட்டு என்றால் ஹாக்கிதான். கால்பந்துக்குக் கல்லூரியின் பின்பக்கத்துக் கரிசல் தரையை விட்டுவைத்திருந்தார்கள். அங்கே பதினோரு ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக வேலை. யாரை எங்கே ஆடவிடுவது என்பது தலைமைப் பயிற்சியாளர் முடிவு. பந்துக்குக் காற்று, சுண்ணாம்புக் கோடு, ஐஸ் பை, தரை எல்லாம் என் பொறுப்பு.

அதில் தரைதான் பெரும்பாடு. மழையில்லாத மாதங்களில் கரிசல் முழங்கை ஆழத்துக்கு வெடித்துக் கிடக்கும். வெறும் மணலைக் கொட்டி நிரப்பினால் மேலே சமமாகத்தான் தெரியும். கால் பட்டதும் உள்ளே இறங்கிவிடும். பருத்தி எடுத்து முடிந்த செடியின் காய்ந்த குச்சியை, அதாவது பருத்திமாரை, ஒடித்து வெடிப்புக்குள் திணித்து, அதன்மேல் மணல் போட்டு, தண்ணீர் தெளித்து மிதிக்க வேண்டும். மார் இருந்தால்தான் மணல் நிற்கும்.

சனிக்கிழமை காலை கோடு போடும்போது ஒன்பதிலும் மணல் தெரிந்தது. மிதித்துப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் எங்கள் வலது ஓரத்து ஆட்டக்காரர் பந்தைத் துரத்திக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனவர், ஒரு கால் உள்ளே போக, விழுந்தார். முழங்கால் பிசகியது. அடுத்த வாரம் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போக வேண்டியவர். அவருக்குப் பதிலாகத் தேர்வுக்கு அன்றே பெயர் கொடுக்கப்பட்டவர், தலைமைப் பயிற்சியாளர் தாமே தேடிக் கொண்டுவந்து சேர்த்த மாணவர். இதை அன்றே குறித்து வைத்தேன்.

ஞாயிறு காலை மூலைக்கொடிக் கம்பை எடுத்துப்போய் ஒவ்வொரு வெடிப்பாகக் குத்திப் பார்த்தேன். எட்டு வெடிப்புகளில் கம்பு இறங்கவில்லை. வடக்கு மூலைக்கொடியை ஒட்டி, அவர் விழுந்த இடத்தில் இருந்த ஒன்பதாவதில் சரசரவென்று இறங்கியது. பக்கத்தில் ஒரு கைப்பிடி மணல் சிதறிக் கிடந்தது. உள்ளிருந்து அள்ளியதா, போடும்போது சிந்தியதா என்று தெரியவில்லை.

மைதானப் பணியாளர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். என் பார்வையே அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னைய அப்பிடிப் பாக்காதீய சார். ஒம்போதுக்கும் மார் குத்தித்தான் மணலப் போட்டேன். மார்க்கட்டு பூராவும் காலி."

"கட்டு காலின்னா, ஒம்பதாவதுக்கு மார் மிச்சம் இருந்துதா?"

"இருந்துச்சுன்னுதான சொல்லுதேன். எத்தன தரம் கேப்பிய? கொடி நட்டது பெரிய சாருல்லா. அவியகிட்ட கேளுங்க."

அது உண்மை. பதினோரு ஆண்டுகளாகக் கொடி நட்டது நான். அந்தச் சனிக்கிழமை மட்டும் தலைமைப் பயிற்சியாளர் தாமே வடக்கு மூலைக்குப் போயிருந்தார். காய்ந்த கரிசலில் கம்பு நடுவது பாறையில் நடுவது போலத்தான். வெடிப்பில் இருந்த மாரைப் பிடுங்கிக் கம்புக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மணலை மேலே தள்ளி மூடியிருப்பாரோ? அல்லது வேறு எண்ணமோ?

அவர் விளையாட்டு அறை வாசலில் நின்றிருந்தார்.

"என்னவே, கம்பத் தூக்கிக்கிட்டு அலையுதீரு? கிணறு வெட்ட எடம் பாக்குதீரா?"

"நேத்து கொடி நட்டது நீங்களா அண்ணாச்சி?"

"நாந்தான். பதினோரு வருசத்துல ஒரு நா உம்ம வேலையப் பாத்துட்டேன், அதுக்கு விசாரணையா? அதையும் உம்ம நோட்டுல ஏத்திரும்."

சிரித்தார். மாரைத் தொட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

திங்களன்று முதல்வரிடமிருந்து ஓலை வந்தது. மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்; பணிப் புதுப்பிப்பு அதைப் பொறுத்தது. ஆய்வுக்கு ஆள் வரும்வரை அந்த இடத்தைத் தோண்டக் கூடாது. விளக்கத்தை அன்றே எழுதினேன். வெள்ளியன்று ஒன்பதும் அடைக்கப்பட்டதற்குக் குறிப்பேடு சாட்சி. சனி காலை அங்கே தனியாக நின்றவர் இன்னார். படிக்கப் படிக்க அசைக்க முடியாததாகத் தெரிந்தது.

புதன்கிழமை அடிபட்ட மாணவர், காலில் கட்டோடு, நண்பன் தோளைப் பிடித்துக்கொண்டு சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மேசையில் விரித்துக் கிடந்த குறிப்பேட்டைப் பார்த்தார்.

"ஒம்பதும் அடைச்சாச்சுன்னு எழுதியிருக்கிய. நீங்க நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பையில கிரவுண்டு அண்ணன் இன்னும் மார ஒடிச்சுக்கிட்டுல்லா இருந்தாரு சார்?"

கடம்பூர் பஸ். அதைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். அதனால் எட்டாவது முடிந்ததுமே ஒன்பதையும் சேர்த்து எழுதிவிட்டுக் கிளம்பியிருந்தேன். எனக்கு இது வழக்கமாகிவிட்டிருந்தது. நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுவேன். நடக்காததையும், நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுவேன். கல்வெட்டில் போரைப் பற்றிப் பொறித்தவர் போர்க்களத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை என்று எங்கோ படித்துச் சிரித்தவன் நான்.

எழுதியதைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன்: எட்டை அடைத்ததைப் பார்த்தேன். ஒன்பதாவதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதினேன்.

முதல்வர் அதை இரண்டு முறை படித்தார். "பதினோரு வருஷ நோட்டுல இப்பிடி எத்தனை வரி இருக்கு?" என்று கேட்டார். ஜூனில் என் பணி புதுப்பிக்கப்படவில்லை. என் இடத்துக்கு வந்தவர் யாருடைய சிபாரிசில் வந்தார் என்று விசாரித்தேன். இருவர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஆகவே எழுதாமல் விடுகிறேன்.

ஆய்வுக்கு யாரும் வரவில்லை. ஐப்பசி மழைதான் வந்தது. நனைந்த கரிசல் ஊதி எல்லா வெடிப்புகளையும் மூடிக்கொண்டது. வேலை போன பிறகு வந்த கோடையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தரை வேறு இடங்களில் வெடித்திருந்தது.

ஒன்பதாவது வெடிப்பில் பருத்திமார் வைக்கப்பட்டதா, வைத்ததைப் பிறகு யாரேனும் எடுத்தார்களா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.