இடது ஃபிளிப்பர் இறங்கவில்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இனிமேல் பொய் சொல்லி என்ன கட்டிக்கொண்டு போகப்போகிறேன்? 1983 ஜனவரி, ஒரு சனிக்கிழமை, சிகாகோவில், பின்பால் என்ற காசு போட்டு ஆடும் பந்தாட்ட மெஷின்களைச் செய்யும் எங்கள் தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்மர் டுவோராக் மெஷினுக்குள் இருக்கும் 'காயில்' என்ற செம்புக்கம்பிச் சுருளைச் சுற்றும் வேலையில் சேர்ந்து வடிவமைப்பாளர் ஆனவர். இருபத்தாறு வருடத்தில் முப்பத்தொரு மெஷின்கள். நான் அவருடைய மெக்கானிக். மற்றவர்களின் மெஷினில் விளக்கும் மணியும் கூச்சல் போடும். எல்மரின் மெஷினில் ஆடுபவனுக்கு மூச்சு விட இடம் இருக்கும். பெரிய அடி அடித்தால் பந்து நிதானமாக உருண்டு இடது ஃபிளிப்பருக்கே, அதாவது பந்தைத் தட்டும் அந்தச் சின்னக் கைக்கே, திரும்பி வரும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் காயிலில் மின்சாரம் ஓடி ஃபிளிப்பர் தூக்கியபடியே நிற்கும், பந்து அதன் மடியில் உட்காரும். ஆசுவாசப்படுத்திக்கொண்டு அடுத்த அடியை அடிக்கலாம். தோற்றவன் மெஷினைத் திட்டமாட்டான். தன்னையே திட்டிக்கொண்டு இன்னொரு காசு போடுவான்.

முப்பத்திரண்டாவது மெஷின் பாதியில் நின்றது. வர்ணம் பூசாத வெறும் பலகை. இடப்பக்கச் சரிவில் பந்து பாதி ஏறி விழுந்துகொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை எல்மருக்கு மூளையில் ரத்தக்கசிவு. நினைவு தப்பிவிட்டது. இந்த வாரம் தாண்டினால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள் டாக்டர்கள். திங்கட்கிழமை முதலாளி மெஷினைப் பார்ப்பார், சரியாக ஓடவில்லை என்றால் அது விறகுதான். எல்மர் கண் விழிக்கும்போது அந்தச் செய்தியைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நாலு நாளாக ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, மறுபடி ஆஸ்பத்திரி. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி.

அன்று மதியம் அவர் மகள் ரோஸ்மேரிதான் என்னைத் துரத்திவிட்டாள்.

"அப்பாவ நான் பாத்துக்கறேன். நீங்க போய் மெஷினப் பாருங்க, லெஸ்டர் அங்கிள்."

மாலை 4.50. மாடியில் ஈ, காக்கை இல்லை. வெளியே பனி, இருட்டு. சரிவின் வாயில் இருந்த குட்டித் தூணை ஒரு நூல் தள்ளிப் பொருத்தினேன். அடித்தேன். விழுந்தது. நாற்பது தடவை அடித்திருப்பேன். எல்மர் இருந்தால், "டேய் லெஸ்டர், அது கையா உலக்கையா?" என்று கேட்டிருப்பார். அலுத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆறிப்போன மாட்டிறைச்சி சாண்ட்விச்சைப் பிரித்தேன்.

5.10.

க்ரீ...ச்...

பந்தை ஏவும் கைப்பிடி பின்னால் வந்தது. மெதுவாக. யாரோ இழுப்பது போல.

டப்!

பந்து கிளம்பியது. நான் ஸ்டூலை விட்டு எழவில்லை.

பக்கவாட்டுப் பொத்தான் உள்ளே அழுந்தியது. அதன் மேல் விரல் இல்லை. இடது ஃபிளிப்பர் எழுந்தது. பந்து அதன் மடியில் வந்து நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்... பிறகு அடி. பந்து சரிவில் ஏறி, வளைந்து, மெதுவாகத் திரும்பி வந்தது.

மறுபடி. மறுபடி. பன்னிரண்டு தடவை எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

இருபது வருடம் அவர் பக்கத்தில் நின்றவன் நான். அந்த நிதானம் எனக்குத் தெரியும்.

"எல்மர்?" என்றேன்.

5.51. பந்து இடது ஃபிளிப்பரில் நின்றது. அடி விழவில்லை.

5.53. நிற்கிறது...

5.56. ஃபிளிப்பர் நடுங்க ஆரம்பித்தது.

தீய்ந்த வாடை.

காயில் எரிகிறது! எங்கள் தொழிற்சாலையில் அந்த வாடை வந்தால் எவனும் யோசிக்கமாட்டான். தூக்கத்தில்கூடக் கை தானாகப் போகும். என் கையும் போனது. வயரைப் பிடுங்கினேன்.

5.58.

ஃபிளிப்பர் விழுந்தது.

பந்து இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் இறங்கிப் போனது.

எல்மர் போய்விட்டார் என்று அன்று இரவே போன் வந்தது. திங்கட்கிழமை காயிலை மாற்றி, எல்மரைப் போலவே பந்தை நிறுத்தி நிதானமாக அடித்துக் காட்டினேன்; முதலாளிக்கு மெஷின் பிடித்துவிட்டது. புதன்கிழமை அடக்கம். அது முடிந்தபிறகு, கையில் காபியோடு, ரோஸ்மேரி அந்த மாலையைப் பற்றிச் சொன்னாள். அஞ்சு மணிக்கு மேல் அப்பாவின் விரல்கள் கட்டில் கம்பியில் அசைய ஆரம்பித்தனவாம். இடது, வலது, இடது. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாளாம். பிறகு இடது கை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டதாம்.

"கண்ணத் தொறந்துட்டார், அங்கிள். என்னப் பாத்தார். பொழச்சுட்டார்னு டாக்டரே சொன்னார். அந்தப் பிடிய அவர் விடவே இல்ல. யாரோ வெடுக்குனு பிடுங்கின மாதிரி... கை விழுந்துருச்சு."

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருந்ததாம்.