ஐந்து கேள்வி ஐர்வென்

நாண்ட்வெலின் என்ற ஊரின் ரக்பி சங்கத்தில் ஐர்வெனுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. சனிக்கிழமை தோறும் வாளியும் ஸ்பாஞ்சுமாக மைதான ஓரத்தில் நிற்பாள். எவனாவது மண்டையில் அடிபட்டு விழுந்தால் ஓடிப்போய், முகத்தில் தண்ணீரைப் பிழிந்துவிட்டு ஐந்து கேள்வி கேட்பாள். இது எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன வாரம் யாரோடு ஆடினோம்? ஜெயித்தோமா? ஐந்தும் சரியென்றால் ஆடலாம், தப்பென்றால் வெளியே. மற்ற நாட்களில் அவள் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிப்பவள். வைத்தியம் என்று படித்தது இரண்டு நாள் முதலுதவி வகுப்புதான்.

ஊர் லேசுப்பட்டதா என்ன? ஒரே மாதத்தில் கேள்விகளை மனப்பாடம் செய்துவிட்டது. எவன் விழுந்தாலும் நூறு பேரும் வேலியில் தொங்கிக்கொண்டு பதிலைக் கத்துவார்கள். அதில் சபைப் போதகரின் குரல்தான் உரக்கக் கேட்கும். கண் இருட்டிக் கிடப்பவன்கூட அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்து ஓடுவான். ஒருமுறை ஒருவன் ஐந்துக்கும் அட்டகாசமாகப் பதில் சொல்லிவிட்டுப் போய் எதிரணியில் சேர்ந்து ஆடினான். அரை மணி நேரம் யாருமே கவனிக்கவில்லை. நன்றாகத்தான் ஆடினான்.

கேள்வியை மாற்றுகிறேன் என்று ஐர்வென் சொன்னதற்கு, அது சங்கத்தின் சொத்து, பொதுக்குழு கூடித்தான் மாற்ற முடியும் என்று செயலாளர் கடிதம் போட்டார். பொதுக்குழு கூடியது. அன்று பீர் விலையைப் பற்றி மட்டும் பேசிக் கலைந்தது.

ஏப்ரலில் பக்கத்து ஊர் ட்ரெவார்த்தோடு கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் பாதிப் பேர் போய்விட்டதால் சரியாகப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள், மாற்றாள் கிடையாது. முன்வரிசையில் ஐர்வெனின் புருஷன் மைரிக், முப்பத்தொன்பது வயசுத் தபால்காரன். முதல் பாதியில் ஒரு முட்டு வாங்கி, ஊர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டு ஆடப் போனான். இரண்டாம் பாதியில் மறுபடியும் வாங்கினான். குப்புற விழுந்தவனின் ஒரு கை மட்டும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது.

ஐர்வென் வாளியோடு ஓடினாள். ஒரே நாளில் மண்டையில் அடிமேல் அடி பட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று வகுப்பில் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை.

"மைரிக், இது எந்த..."

வேலி முழங்கியது. "நாண்ட்வெலின், ரெண்டாவது பாதி, ட்ரெவார்த்காரன், போன வாரம் கார்ன்வென், தோத்தோம்," என்று மைரிக் ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையேடா!"

"கேக்காட்டி என்னக்கா, பதில் சரிதானே?" என்றான் அணித்தலைவன் யெஸ்டின். "வாளியத் தூக்கிட்டுக் கெளம்பு."

"அவன் கண்ணப் பாருடா. ஒண்ணு என்னையப் பாக்குது, ஒண்ணு சர்ச்சப் பாக்குது."

"கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான் பாத்தான்!" என்று வேலியிலிருந்து ஒருவர் கத்தினார்.

நடுவர் டெக்வின் விசிலை வாயில் வைத்தார். "அஞ்சும் சரிம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

ஐர்வென் அப்படியே சேற்றில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"தெரியலப்பா. தலை சுத்துது. எவனோ முட்டிட்டான்."

மைதானத்தில் ஆள் கிடந்தால் ஆட்டம் ஓடாது. டெக்வின் வேறு வழியில்லாமல் மண்டியிட்டார். "இது எந்த மைதானம்மா?"

"நாண்ட்வெலின்!" என்று ஊரே அலறியது.

"பாரிஸ்."

"இது எத்தனாவது பாதி?"

"பாதியா? எனக்கு முழுசா வேணும்."

"கடைசியாப் புள்ளி எடுத்தது?"

"போதகர்."

"நடிக்கிறா!" என்று போதகர் கத்தினார்.

"போன வாரம் யாரோட ஆடினோம்?"

"ஆடலயே. துணி தோய்ச்சேன்."

"ஜெயிச்சோமா?"

"காயவே இல்ல."

டெக்வின் நனைந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முதலுதவி ஆள் இல்லாமல் ஆட்டம் நடக்கக் கூடாது. விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்; முதலுதவி ஆள் தராத ஊர் தோற்றதாகக் கணக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்விகளில் தோற்ற முதல் ஆள் ஐர்வென்தான். நாண்ட்வெலின் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவள் நடந்து வந்தபோது ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. திருப்பிக்கொள்ளட்டும் என்று அவள் சந்தோஷமாகவே நடந்தாள்.

மைரிக் ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டதும் அவளுக்காகத்தான். "உனக்குத்தானே அடிபட்டிருக்கு, பாவம்," என்று அவளைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினான். சாவியை அவள் பிடுங்கிக்கொண்டாள்.

பாதி வழியில் அவன் சொன்னான்: "நானும் உன்னைய ஒரு கேள்வி கேக்கறேன். நம்ம பொண்ணு பேரு என்ன?"

"பாரிஸ்," என்று அவள் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "வெளையாடாத ஐர்வென். எனக்கு வரமாட்டேங்குது. சொல்லு."

"நெஸ்டா," என்றாள்.

"நெஸ்டா," என்று, புது ஆளிடம் பெயர் கேட்டுக்கொள்வதுபோல, அவன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். ஆஸ்பத்திரி வரை இருந்த இரண்டு சிவப்பு விளக்கையும் ஐர்வென் நிற்காமல் தாண்டினாள்.