துவைக்காத சட்டை

என் அக்கா புருஷனுக்கு ரோஜா வாசனைத் திரவம் செய்யும் தொழிற்சாலையில் பீப்பாய் நிரப்பும் வேலை. பூ என்று பார்த்தால் அந்தக் காம்பவுண்டுக்குள் ஒரு இதழ் கூடக் கிடையாது. எல்லாம் ரசாயனம்தான். அது சோப்புக்கும் பவுடருக்கும் சென்ட்டுக்கும் போகிறது. அதன் முழுப் பெயர் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால். பெயரைக் கேட்டதும் எதிர்வீட்டுக்காரி தரை கழுவ இரண்டு பாட்டில் கேட்டாள். அத்தானும் வெள்ளந்தியாக, அது வேறு இது வேறு என்று வாசலில் நின்று அவளுக்குப் பாடம் நடத்தினார்.

பஸ்ஸில் கண்டக்டர் அவரை "புது மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். அத்தானுக்கு ஐம்பது வயசு, முன்பக்கம் நல்ல வழுக்கை. இஸ்திரி மடிப்புக் கலையாமல் சட்டை போடுவதைத்தான் சொல்கிறார் என்று இவருக்கு உள்ளூர ஒரு பெருமை. அக்காவோ நேரெதிர். ரோஜா வாசனை பட்டாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். அவர் சட்டையைக் கழற்றின கையோடு பிடுங்கி வாளியில் ஊறப் போட்டுவிடுவாள். அவளுக்குச் சுத்தப் பைத்தியம் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் தொழிற்சாலையில் உடம்புப் பரிசோதனை. போனவர் பேயறைந்த மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்தார். புதிதாக வந்திருக்கும் டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து, இன்னதென்று சொல்லாமல் முகரச் சொன்னாராம். இவருக்குத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்ததாம். அதைவிடக் காட்டமான பாட்டில் ஒன்றை நீட்டினால் அதுவும் தண்ணீர். மூக்கு நரம்பை உள்ளே ஏதோ அழுத்துகிறதோ என்று சந்தேகம், தலையை ஸ்கேன் எடுத்துவிடலாம், அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஸ்கேனுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு வாரமும் வீடு வீடாக இல்லை. நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழேயிருந்து ஒரு பேச்சுச் சத்தம் வராது. அக்கா சமைப்பாள், பரிமாறுவாள், போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வாள். தலையில் கட்டி என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அதையேதான் நினைத்தோம்.

இப்படி மூலைக்கொருவராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அத்தான் கண்ணைத் துண்டால் கட்டி, காபித்தூள், நறுக்கிய வெங்காயம், மண்ணெண்ணெய், என் மகளின் சாக்ஸ் என்று ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே நீட்டினேன். அத்தனையும் சரியாகச் சொன்னார். சாக்ஸுக்கு ஓடவே பார்த்தார்.

"மூக்கு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் என்ன அத்தான்?"

அவர் துண்டை அவிழ்த்து மடித்தார். "அந்த பாட்டில்ல ஒண்ணுமே வரலையேம்மா. எட்ட நின்ன நர்ஸுக்கே வாசனை வந்துச்சு."

நான் சாக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஸ்கேனுக்குப் போகும் நாள் காலையில், துணைக்குப் போக நான் கீழே இறங்கி வந்தேன். அக்காவும் கூட வரக் கிளம்பிக் குளித்துக்கொண்டிருந்தாள். சட்டை எடுக்க பீரோவைத் திறந்த அத்தான் அப்படியே நின்றுவிட்டார். இதற்குள் யார் ரோஜாப்பூ வைத்தது என்று கேட்டார். பூவும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்காவின் துணிகளுக்கு அடியில் கையை விட்டு இழுத்தார். அவருடைய வேலைச் சட்டை வந்தது. கடைசியாக வேலைக்குப் போன அன்று போட்டது. காலர் அழுக்கு கூட அப்படியே இருந்தது. அவர் அதை முகத்தில் அப்பி முகர்ந்தார்.

"இது என் வாசனையா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பின்ன? கண்டக்டர் உங்க இஸ்திரியப் பாத்தா புது மாப்பிள்ளைங்கிறாரு?"

தினமும் தொழிற்சாலையிலேயே குளித்துவிட்டு வருவதால் வாசனை போய்விட்டது என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார் மனுஷன். இவருக்குத் தெரியாது என்பது எங்களுக்கும் தெரியாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு முன்னால் அந்தப் புது டாக்டரே வந்து அதே பாட்டிலை நீட்டினார். "ரோஜா" என்றார் அத்தான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று. டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். சோதனை பாட்டிலில் இருந்ததும் அதே சரக்குதானாம். நாள் முழுக்க அதிலேயே கிடக்கும் மூக்கு அதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமாம். கொஞ்ச நாள் விலகி இருந்தால் திரும்ப வருமாம். ஸ்கேன் வேண்டாம், நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்றார். வயிற்றில் பால் வார்த்தார் அந்த மனுஷன். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை, நாற்காலிக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சட்டையை எடுத்து அவள் முன்னால் பிடித்தார்.

"உனக்குத்தான் இந்த வாசனை ஆகாதே. இத ஏன் துவைக்காம வெச்சிருந்த?"

அக்கா சட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, மோந்து பாக்க எனக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இப்பதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்கல்ல, கொண்டு போய் ஊறப் போடுங்க. ரெண்டு வாரமா தலை வெடிக்குது."

அன்றைக்கு அத்தானே வாளியில் தண்ணீர் பிடித்தார்.