படகுக்கு என்று சொல்லி விரித்த குழாய்

எங்கள் விமானத்தின் இறக்கைகள் வெள்ளவத்தையில் இருந்தன. உடல் கொட்டாஞ்சேனையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க ஓர் இடம் எங்களுக்குக் கொழும்பில் அகப்படவில்லை. இறக்கைகளை எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, கார் இல்லாத எங்களுக்கும் சேர்த்து ஒதுக்கிவிட்ட கார் தரிப்பிடத்தில், தார்ப்பாயால் மூடி வைத்து நான் வேலை செய்தேன். உடலும் எஞ்சினும் என் நண்பனின் பொறுப்பு. அவன் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏற்றுமதிக் கந்தோரில் வேலை செய்கிறவன். வாடகைக்கு எடுத்த ஒரு பழைய ஸ்டோரின் பாதியில் அதைப் பூட்டி வைத்திருந்தான். விமானம் ஓட்டும் லைசன்ஸ் அவனுக்குத்தான் உண்டு. எனக்குப் பயிற்சி பாதியில் நின்றுபோயிற்று. நான் கட்டுவேன், அவன் ஏறுவான் என்பதுதான் எங்கள் ஒப்பந்தம்.

அனுமதிக் கடிதங்கள் எல்லாம் இருந்தன, மூன்று கோப்பு நிறைய. ஆனாலும் யாராவது தார்ப்பாயைக் காட்டிக் கேட்டால் நாங்கள் "படகு" என்றுதான் சொன்னோம். அது அம்மாவின் கட்டளை.

"ஆர் கேட்டாலும் போட் எண்டு சொல்லு. வெள்ளவத்தையில தமிழ்ப் பெடியன் பிளேன் செய்யிறானாம் எண்டு ஒரு கதை கிளம்பினா, உன்ர கடிதத்தை ஆர் வாசிக்கப் போறாங்கள்?"

போர்க்காலத்தில் இயக்கத்தின் விமானம் குண்டு போட வருகிறது என்று நகரம் முழுக்க லைட்டை அணைத்துவிட்டு வானத்தைத் தேடிய இரவுகள் அவவுக்கு ஞாபகம். அதற்குப் பிறகு வீடு வீடாக வந்து பெயர் எழுதியவர்களையும் ஞாபகம். எனக்கு அப்போது பத்து வயது கூட இல்லை. பயம் எனக்குச் சொந்தமில்லை, பழக்கம் மட்டும் சொந்தமாகிவிட்டது. கடைசியில் நாங்கள் இரண்டு பேருமே போனில் கதைக்கும்போதுகூட அதைப் "போட்" என்றுதான் சொன்னோம். "போட்டுக்குச் சில்லு வந்திட்டுது மச்சான்" என்று அவன் சொல்லுவான். சக்கரம் வைத்த படகை நினைத்து இரண்டு பேரும் சிரிப்போம்.

இறக்கையில் உள்ள தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் போகும் பாதையை நான் தெரிவு செய்வது என்று முடிவாயிற்று. வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் இணைக்கப்போவது அந்த ஒரு குழாய்தான் என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். வாசித்ததெல்லாம் போதாமல் சொந்தமாகவும் பரீட்சை வைத்தேன். காலி வீதி ஹார்ட்வெயார் கடைகளில் கிடைத்த குழாய்களில் ஒவ்வொரு சாண் வெட்டி, ஜாம் போத்தல்களில் பெற்றோல் ஊற்றி அமிழ்த்தி, பல்கனியில் வரிசையாக வைத்தேன். மேசன்மார் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மூன்றாம் வாரம் மஞ்சளாகி, விரலால் வளைக்க உடைந்தது. கறுப்பு ரப்பர் குழாய் வெளியே நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். உள்தோல் உரிந்து, ஒரு நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் இழுக்கும்போது அந்த நாக்கு போய் ஓட்டையை அடைக்கும். நின்றால் திரும்பத் தளரும். விழுந்த பிறகு தேடினால் ஒரு பிழையும் தெரியாது. அந்தப் போத்தலை நான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்பு அதிர்வில் இறுகி வெடிக்கும் என்று வாசித்திருந்தேன். ஆகவே மெல்லிய அலுமினியக் குழாய். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். அதன் நுனியைப் புனல் வாய் மாதிரி விரித்து, அந்த வாயை நட் ஒன்றால் இணைப்பின் கூம்பு முனையோடு இறுக்க வேண்டும். விரிக்கும் கருவியை இரத்மலானை விமானத்தளத்தில் ஒருவரிடம் இரவல் வாங்கி, இறக்கைப் பக்கக் குழாய்களை நானே விரித்தேன். உடல் பக்கத்தை விரிக்கும் நேரம் வந்தபோது கருவிக்காரர் வெளிநாடு போய்விட்டார், வர இரண்டு மாதம். விமானத்தைப் பார்த்து அனுமதி தரும் பரிசோதகர் வருவதற்கு இருந்ததோ பத்து நாள். எனக்குப் பொறுமை என்கிற சாமான் பிறப்பிலேயே இல்லை.

கொச்சிக்கடைக்குப் போகிற வழியில், குளிரூட்டிக் கொள்கலன்களும் துறைமுகத்து யந்திரங்களும் திருத்துகிற ஒரு கடை இருக்கிறது. குழாயோடு போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், கறுத்த எண்ணெய்க் கை, காதில் பென்சில். குழாயைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார்.

"வாய் விரிச்சு பிளெயர் அடிக்கோணுமா? அடிக்கலாம். என்னத்துக்குத் தம்பி?"

கடைக்குள் இன்னும் இரண்டு பேர் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வாயில் தானாக வந்தது.

"போட்டுக்கு அண்ணை."

"போட்டுக்கு அலுமினியமா? உப்புக் காத்துத் தின்னுருமே. செப்பு போடுங்க."

"செப்பு கிடைக்கேல்லை அண்ணை. இப்போதைக்கு இதுதான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, உள்ளே இருந்த, குழாய் விரிக்கிற இரண்டு இரும்புக் கட்டைகளில் ஒன்றை எடுத்தார். இரண்டு இருந்ததை நான் கண்டேன். ஏன் இரண்டு என்று கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் நான்கு நுனியும் வழவழவென்று விரிந்து வந்தன. என்னுடைய வேலையைவிட அழகாக இருந்தன. அதுதான் எனக்குப் பட்டது.

உடலை முதலே இரத்மலானை விமானத்தளத்துக்குக் கொண்டுபோயிருந்தோம். லொறியில் இறக்கைகளையும் ஏற்றிக் கொண்டுபோன நாள், லொறிக்காரர் தார்ப்பாய் விலகிய இடத்தைப் பார்த்துவிட்டு, "போட் எண்டீங்க, இதுக்கு மீன் செட்டை மாதிரி என்னமோ இருக்கு" என்றார். நண்பன் சொன்னான்: "பறவை மீன் பிடிக்கப் போறம் அண்ணை." இரண்டையும் சேர்த்துப் பூட்டிய பிறகு பரிசோதகர் வந்தார், இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் காய்ந்து, இறுக்கமாக இருந்தன. எஞ்சினைத் தரையில் ஓட்டிக் காட்டினோம். ஒரு சொட்டும் இல்லை. முதலில் தரையில் வேகமாக ஓட்டிப் பழகுவது, அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை வானத்தில் எழும்புவது என்று நாள் குறித்தோம்.

அந்தச் சனிக்கு முதல் ஞாயிறு, அவனும் மனைவியும் தேவாலயத்தில் பூசைக்குப் போய் வந்த பிறகு, கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். சோறு போட்டுக்கொண்டே சொன்னா:

"தம்பி, உங்கட ஆளின்ர சேர்ட்டை என்னால தோய்க்கேலாது. பெற்றோல் மணம். சாப்பிட்டதெல்லாம் சத்தியா வருது."

"தாங்கி நிரப்பினா மணக்கும்தானே. இவவுக்கு இப்ப எல்லாம் மணம். நேற்று முருங்கையிலையும் மணந்தது" என்றான் அவன்.

"நிரப்பாத நாளிலயும் மணக்குது. கையில இல்லை, முதுகில."

நாங்கள் சிரித்தோம். பெற்றோல் கிடைக்காத அந்த வருஷம் கொழும்பில் எல்லாரும் கானில் அடைத்துக் கட்டிலுக்குக் கீழேயும் குளியலறையிலும் வைத்திருந்தோம். சாப்பாட்டிலும் தலையணையிலும் அந்த மணம்தான். அதோடு எங்கள் மூக்குகள் அந்த மணத்துக்குச் செத்துவிட்டன என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் எத்தனையோ தரம் அந்த விமானத்துக்குள் தலையை விட்டோம். ஒருவனுக்கும் ஒன்றும் மணக்கவில்லை.

ஆனால் "முதுகில" என்ற சொல் என்னோடு பஸ்ஸில் வந்தது. நிரப்பும்போது பெற்றோல் படுவது கையில். முதுகில் என்றால் இருக்கைக்குப் பின்னால். இருக்கைக்குப் பின்னால்தான் நான் விரித்த குழாயும் கடைக்காரர் விரித்த குழாயும் சந்திக்கும் இணைப்பு இருந்தது. திங்கள் போய்ப் பார்த்தேன். விரலால் தடவினேன், காய்ந்திருந்தது. நட்டைக் கொஞ்சம் இறுக்கினேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கந்தோரில் இருந்துகொண்டு அந்த லாச்சியை யோசித்தேன். இரண்டு கட்டை. ஏன் இரண்டு?

வெள்ளிக்கிழமை பின்னேரம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் கிடந்த இரண்டு துண்டுக் குழாய்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஒன்று நான் விரித்துப் பார்த்தது, மற்றது அவர் விரித்ததில் வெட்டிக் கழித்த பரீட்சைத் துண்டு. மேசையில் இரண்டையும் நிமிர்த்தி வைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. ஒன்றின் வாய் கொஞ்சம் அகலம். அவ்வளவுதான். ஒரு நகத்தின் தடிப்பு.

"அண்ணை, இரண்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?"

"வேற கோணம்தானே. இது நாப்பத்தஞ்சு, ஃப்ரிட்ஜ், கார், போட் எல்லாத்துக்கும். மத்தது முப்பத்தேழு, கிரேன்ல வர்ற எண்ணெய்க் குழாய்க்கு. அதிலயும் பிளேன்லயும்தான் பாவிப்பாங்க. மாறிப் போட்டா முதல்ல பிடிச்சிருக்கும், நசுங்கி உட்கார்ந்திரும். அதிர அதிரக் கழுத்தில வெடிக்கும்." பிறகு கேட்டார்: "ஏன், போட் லீக் ஆகுதா?"

"போட் இல்லை அண்ணை. பிளேன்."

அவர் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். ரேடியோவை நிறுத்தினார்.

"நான் கேட்டேனே தம்பி."

"ஓம்."

"ரெண்டு கட்டையும் லாச்சியில இருக்கு. அதுக்குத்தான் கேட்டேன்." இரண்டு துண்டுகளையும் என் பக்கம் தள்ளி வைத்து, "யார் ஏறுறது? நீங்களா?"

"இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்ன மாதிரி வெட்கம் எனக்கு அதற்கு முதலும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

வெளியே வந்து நண்பனுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: அன்று பின்னேரம் கடைசித் தரை ஓட்டம், மறுநாள் எழும்புவதற்கு ஒத்திகை. ஓட்டும்போது அவன் போனைப் பைக்குள் வைத்துவிடுவான். த்ரீவீலில் கோட்டைக்கு, அங்கிருந்து கரையோர ரயில். பெட்டிக் கதவில் தொங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப எடுத்தேன். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி. கடல் அன்று சாம்பல் நிறத்தில், அசையாத மாதிரிக் கிடந்தது. வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர்த் தாங்கி தெரிந்து மறைந்தது. தெகிவளை தாண்டும்போது என் போன் அடித்தது. அவன் மனைவி.

"தம்பி, இவர் போன் எடுக்கிறாரில்லை. நீங்கள் அங்கயோ நிக்கிறியள்?"

"வந்துகொண்டிருக்கிறன் அக்கா."

"ஒண்டுமில்லைதானே?"

"ஒண்டுமில்லை" என்றேன். அந்த "இல்லை"யோடு, ஒரே பின்னேரத்தில் இந்தப் பொய்யையும் சொன்னேன்.

கல்கிசை, இரத்மலானை. ஓடினேன். வாசலில் காவலுக்கு நின்றவர் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் உள்ளேயிருந்து எங்கள் எஞ்சினின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன். உள்ளே போனபோது வெள்ளை இறக்கை தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கே வீசினேன். அவனும் கையை ஆட்டினான். நான் உற்சாகத்தில் குதிக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். எப்போதும் அப்படித்தானே குதிப்பேன். இன்னுமொரு முறை முழு வேகத்தில் என்னைக் கடந்து போனான். வால் கொஞ்சம் எழும்பியது. சூடான காற்றோடு எஞ்சின் மணம் என் முகத்தில் அடித்தது. அந்த மணத்துக்குள் பெற்றோல் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது.

ஓடுபாதையின் அந்த எல்லையில் திரும்பி, மெல்ல வந்து, நின்றான். நான் இறக்கைக்குக் கீழே புகுந்து கதவைத் திறந்தேன்.

"இறங்கு மச்சான். எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு இறங்கு."

"என்னடா, பேய் கண்ட மாதிரி?"

"இறங்கு."

எரிபொருளை அடைத்து, இருக்கையை வெளியே எடுத்து, எல்லாம் ஆறும் வரைக்கும் நின்று, நட்டைத் திறந்தேன். நட் என் கையோடு வந்தது. குழாய் வரவில்லை. அல்லது வந்தது: விரித்த வாய் மட்டும், ஒரு மோதிரம் மாதிரி, கழுத்தில் அறுந்து என் உள்ளங்கையில் விழுந்தது. வெடிப்பு கிட்டத்தட்ட முழுச் சுற்றும் போயிருந்தது. பழைய இடம் மங்கி, புதிதாக அறுந்த இடம் மினுங்கியது. மினுங்கிய இடம் அரிசியளவுதான். திங்கட்கிழமை நான் நட்டை இறுக்கியது நினைவுக்கு வந்தது.

அவன் அந்த வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் சேர்ட்டின் முதுகு வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. நான் கடையில் நடந்ததைச் சொன்னேன், ஒன்றும் விடாமல். அவன் போன் பைக்குள் கிடந்து அதிர்ந்தது. எடுக்கவில்லை.

"அந்தாள் என்னத்துக்கு எண்டு கேக்கேக்க, நீ போட் எண்டனி."

"ஓம்."

வளையத்தைத் தன் சேர்ட் பையில் போட்டான். பிறகு, "நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்" என்றான்.

எனக்கு அவன் அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

போனை எடுத்து மனைவியிடம், "நாளைக்கு எழும்பேல்லை. நீ சொன்னது சரி, முதுகுதான்" என்றான். மறுபக்கம் அவ என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. அவன் வெகுநேரம் "ம்... ம்..." என்றுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை, எழும்பியிருக்க வேண்டிய நேரத்துக்கு, நாங்கள் இரண்டு பேரும் மிச்சக் குழாயோடு அந்தக் கடையில் நின்றோம். கடை நிறைய ஆட்கள். கடைக்காரருக்கு எல்லாம் தெரியும், என்றாலும் குழாயைக் கையில் வாங்கி, லாச்சியைத் திறக்காமல், என்னைப் பார்த்தார்.

"என்னத்துக்குத் தம்பி?"

"விமானத்துக்கு. நாங்கள் செய்யிற விமானத்துக்கு."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கடைக்குள் கதைச் சத்தம் நின்றது. தேநீர்க் கோப்பையோடு நின்ற ஒருவர் திரும்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு நண்பனைப் பார்த்தார், பிறகு குழாயை. கோப்பையை வைத்துவிட்டு, தன் சாமானையும் எடுக்காமல் தெருவில் இறங்கி, போனைக் காதில் வைத்தபடி நடந்து போனார். நண்பனின் முழங்கை என் விலாவில் இறுகியது. நாங்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

கடைக்காரர் மற்றக் கட்டையை எடுத்தார்.