எடுக்காத சீட்டு

தேர்தலில் ரெண்டு பேருக்கும் சமமாக ஓட்டு விழுந்தால் யார் ஜெயித்ததாக அறிவிப்பார்கள், உங்களுக்குத் தெரியுமா? டிகிரி, பி.எட். எல்லாம் முடித்தும் எனக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தற்காலிக வாத்தியாராக வந்த பிறகுதான் தெரிந்தது. சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம்.

இந்த ஊர் வார்டு உறுப்பினர் தேர்தல் அப்படித்தான் முடிந்தது. போட்டியிட்ட இரண்டு அம்மாக்களின் பெண்களும் என் எட்டாம் வகுப்பில்தான் படிக்கிறார்கள். அதுவரை இருவரும் முதல் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள். குலுக்கலுக்குப் பிறகு, தோற்ற வீட்டுப் பெண் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டோடு பேச்சே கூடாது என்று அவள் வீட்டில் உத்தரவு.

நேற்று உள்ளாட்சிப் பாடம். தலைமையாசிரியை முன்கூட்டியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், புக்குல இருக்கறத மட்டும் நடத்துங்க. ஊரு எலக்‌ஷன இழுத்தீங்கன்னா, ரெண்டு ஊட்டுக்காரங்களும் கேட்டாண்ட வந்து நின்னுக்கினு பேஜாரு பண்ணுவாங்க."

நான் இழுக்கவில்லை. "தோத்தவங்களே ஒத்துக்கற மாதிரி ஒரு குலுக்கல் நடத்தணும். ரூல்ஸ் சொல்லுங்க" என்று வகுப்பில் கேட்டேன், அவ்வளவுதான். சரி, கொஞ்சம் இழுத்தேன்.

"ஒரே மாறி பேப்பரு சார்."

"எடுக்கறவங்க கண்ண கட்டணும்."

"நான் எடுக்கறேன் சார்!"

"உன்ன உட்டா சீட்ட வாயில போட்டுக்குவ, போடா!"

சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

"எடுக்காத சீட்டையும் பிரிச்சுக் காட்டணும் சார். அன்னிக்கி எங்கம்மா கேட்டுச்சு. தேவ இல்லன்னு ஆபீசருங்க சொல்ட்டாங்க. ரெண்டுலயும் ஒரே பேரு இருந்துருந்தா?"

போச்சு, நாளைக்கு நான் வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஜெயித்த வீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி, எங்கம்மா மாத்திவெச்சுச்சா? அது அந்த டப்பாவாண்டகூட போவல."

"உங்கம்மாவ யாரு சொன்னா? நான் சீட்டச் சொன்னேன்."

"அந்த சீட்ட எங்கம்மாவுந்தான் பாக்கல."

சொல்லிவிட்டு ஜெயித்த வீட்டுப் பெண் நேராகப் பலகைக்கு வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி எழுதினாள்: எடுக்காத சீட்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

"போதுமா?"

"பெருசா எழுது. இங்க ஒன்னியும் தெரியல."

"தெரியலன்னா முன்னால வாயேன்."

மணி அடித்துவிட்டது. அந்த வரியை நான் அழிக்கவில்லை. இரண்டு வீட்டிலிருந்தும் இதுவரை யாரும் கேட் பக்கம் வரவில்லை.

இப்போது சமூக அறிவியல் பீரியட். கடைசி பெஞ்சுக்காரியின் பை முதல் பெஞ்சில் இருக்கிறது. அவள் இன்னும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.